வீட்டுப் பழைய சாவி வாட்ச் ஓடவில்லையா? கோளாறு வாரியாகப் பார்க்க வேண்டியவை

அப்பாவோ தாத்தாவோ கட்டிய வாட்ச் பீரோவிலிருந்து கிடைத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: சாவி கொடுத்துப் பார்ப்பது. ஓடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகுவது. அந்த இரண்டாவது வேலையைச் செய்யாதீர்கள். ஓடாமல் கிடக்கும் பழைய வாட்சுகளில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல, உள்ளே எண்ணெய் காய்ந்தவை. உடைவதெல்லாம் அதற்குப் பிறகு, வலுக்கட்டாயமாகத் திருகும்போதும் திறக்கும்போதும்தான்.

நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது எச்.எம்.டி. என்பதால் அதையே மையமாக வைத்துச் சொல்கிறோம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலையின் ஜனதா, பைலட், கோஹினூர் போன்றவை 17 ஜுவல் (அச்சு முனைகளைத் தாங்கும் சிறு கற்கள்) கொண்ட சாவி வாட்சுகள். அதே காலத்து ஃபேவர் லூபா போன்ற சுவிஸ் வாட்சுகளுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. இன்று உதிரி பாகம் என்றால் பழைய இருப்பு, அல்லது இன்னொரு பழைய வாட்சிலிருந்து கழற்றியது. அதனால் ஒரு பாகத்தைக் கெடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

தொடுவதற்கு முன்: இது எந்த வகை?

டயலில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் கை அசைவில் தானே சாவி ஏறும் வகை. 'குவார்ட்ஸ்' என்று இருந்தால் செல் வாட்ச். இரண்டும் இல்லாமல் '17 ஜுவல்ஸ்' போன்ற எழுத்து மட்டும் இருந்தால் பெரும்பாலும் தினமும் சாவி கொடுக்கும் வாட்ச். சந்தேகம் இருந்தால் காதோரம் வைத்து மெல்ல ஆட்டுங்கள். கனமான ஒன்று உள்ளே சுழலும் ஓசை வந்தால் ஆட்டோமேட்டிக்.

பின் மூடியைத் திருப்பிப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றால் மூடி மட்டும்தான் ஸ்டீல். கேஸ், அதாவது வெளிக்கூடு, பித்தளை மேல் குரோம் பூசியதாக இருக்கலாம். சுத்தம் செய்யும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

## கோளாறு 1: சாவி கொடுத்தும் ஓடவில்லை

சாவி கொடுக்கும் குமிழ் திரும்பவே மறுக்கிறது

'சாவி அதிகமாகிவிட்டது' என்பார்கள். அப்படி ஒரு கோளாறே கிடையாது. சாவி முழுதாக ஏறியிருக்கிறது, ஆனால் எண்ணெய் பிசினாகி சக்கரங்கள் ஒட்டிக்கொண்டதால் ஸ்பிரிங்கின் விசை முன்னே போகவில்லை. அவ்வளவுதான்.

டயல் மேல்நோக்கி இருக்கும்படி வாட்சை உள்ளங்கையில் தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை இடமும் வலமும் நாலைந்து முறை மெல்லத் திருப்புங்கள். நொடி முள் சில நொடி ஓடி நின்றால் பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) நன்றாக இருக்கிறது, தேவை சர்வீஸ் மட்டுமே. கொஞ்சமும் அசையவில்லை என்றால் மேசையில் தட்டாதீர்கள், ஊசி போன்ற அச்சு முனை ஒடியும்.

குமிழ் திரும்பவும் இல்லை, வெளியே இழுபடவும் இல்லை என்றால் உள்ளே போகும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். குறடு போட்டு இழுத்தால் கம்பி பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். அந்த நிமிடமே ரிப்பேர்காரரிடம் கொண்டு போங்கள்.

திருகிக்கொண்டே இருக்கலாம், முடிவே வரவில்லை

ஆட்டோமேட்டிக் என்றால் இது இயல்பு. ஸ்பிரிங் நிறைந்ததும் வழுக்கிப்போகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். சாவி வாட்ச் என்றால் காலியாக இருக்கும்போது சுமார் 25 முதல் 40 முறை திருகியதும் கை உணரும்படி இறுக்கம் வர வேண்டும். வராவிட்டால் சாவி கொடுக்கும்போது சுருளும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது அதன் முனை கொக்கியிலிருந்து விலகியிருக்கிறது. ஸ்பிரிங் மாற்றுவது பெரிய செலவில்லை.

திருகிவிட்டு விரலை எடுத்ததும் குமிழ் தானே பின்னோக்கிச் சுழன்றால் ஸ்பிரிங்கைத் தாங்கும் பல்கொக்கியோ அதன் குட்டி ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. ஏற்றிய விசை ஒரே வீச்சில் இறங்கும்போது மற்றப் பற்களும் அடிபடும். மேற்கொண்டு திருக வேண்டாம்.

சாவி ஏறுகிறது, 'டிக்' கேட்கிறது, முள் நகரவில்லை

நிமிட முள்ளைத் தாங்கும் சிறு குழல் தளர்ந்திருக்கிறது. நேரம் மாற்றும்போது முள் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றுவதும் இதே கோளாறுதான். குழலைச் சற்று இறுக்கினால் போதும், ஆனால் அதற்கு முள்ளையும் டயலையும் கழற்ற வேண்டும். வீட்டு வேலையல்ல.

எப்போதும் ஒரே நேரத்தில் நிற்கிறது

தினமும் 1.05 வாக்கிலோ 6.33 வாக்கிலோ நின்றால் முள்ளோடு முள் உரசுகிறது என்று பொருள். பூதக்கண்ணாடி வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மூன்று முள்ளுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். புதுக் கண்ணாடி போட்டபின் தொடங்கிய கோளாறு என்றால் கண்ணாடியின் உயரம் குறைவு, நொடி முள் அதில் தட்டுகிறது. சரியான உயரத்தில் கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள், மிஷினைத் தொடவே தேவையில்லை.

கீழே விழுந்தபின் ஓடவில்லை

பேலன்ஸ் வீலின் அச்சு ஒடிந்திருக்க வாய்ப்பு. டயல் மேலே, டயல் கீழே, குமிழ் மேலே என்று மாற்றி மாற்றிப் பிடித்துக் கேளுங்கள். ஒரு நிலையில் மட்டும் ஓடி மற்றவற்றில் நின்றால் சந்தேகம் வலுக்கும். எச்.எம்.டி. டயலில் 'பாரா ஷாக்' என்று இருப்பது இந்த அச்சைக் காக்கும் ஸ்பிரிங் அமைப்புதான். அது அதிர்வைக் குறைக்கும், தரையில் விழுவதை எப்போதும் தாங்காது. அச்சு ஒடிந்தால் பேலன்ஸ் வீலையே மாற்றுவது வழக்கம். இந்தப் பட்டியலிலேயே செலவு மிகுந்த வேலைகளில் ஒன்று.

## கோளாறு 2: காலையில் சாவி கொடுத்தால் இரவுக்குள் நின்றுவிடுகிறது

நல்ல நிலையில் உள்ள சாவி வாட்ச் முழுச் சாவியில் ஒரு நாளைத் தாண்டி, 36 மணி நேரமாவது ஓட வேண்டும்.

முதலில் முழுச் சாவிதான் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பத்துத் திருகலோடு நிறுத்துபவர்கள் நிறையப் பேர். இறுக்கம் வரும்வரை மெதுவாகத் திருகுங்கள், இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள். கையில் கட்டிக்கொண்டே திருக வேண்டாம், குமிழ்க் கம்பி பக்கவாட்டில் அழுந்தி வளையும்.

முழுச் சாவிக்கும் இப்படியே நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது பல ஆண்டு உழைத்த மெயின் ஸ்பிரிங் துவண்டிருக்கிறது. சர்வீசின்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின் மூடியைத் திறந்து ஒரு துளி எண்ணெய் விட்டால் ஓடும் என்பது பலரும் தரும் யோசனை. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது. ஒரு ஜுவல் குழிக்குத் தேவைப்படும் எண்ணெய் ஊசிமுனையில் நிற்கும் அளவைவிடக் குறைவு. இடத்துக்கு இடம் எண்ணெயின் கனமும் மாறும். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே விடக் கூடாது. ஒரு துளி விட்டால் அது ஹேர் ஸ்பிரிங்குக்கு (பேலன்ஸ் வீலை ஆட வைக்கும் மெல்லிய சுருள்) பரவி அடுத்த கோளாறைத் தொடங்கி வைக்கும்.

## கோளாறு 3: நேரம் தவறுகிறது

ஐம்பது வயது தாண்டிய 17 ஜுவல் வாட்ச் நாளுக்கு 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை முன்னே பின்னே போனால் குறையில்லை. செல்போனோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். நான்கைந்து நாள், காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, அப்போதைய வித்தியாசத்தை எழுதி வையுங்கள். ஒரு நாள் கணக்கை நம்பக் கூடாது.

மணிக்குப் பல நிமிடம் முன்னே ஓடுகிறது

பெரும்பாலும் காந்தம். ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் பட்டன், இயர்போன் டப்பா, ஃபோன் கவர் எல்லாவற்றிலும் இப்போது காந்தம் இருக்கிறது. காந்தம் ஏறிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி பேலன்ஸ் வேகமாக ஆடும்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சிறிய திசைகாட்டி போதும். ஓடும் வாட்சை அதன் பக்கத்தில் மெல்லக் கொண்டு போங்கள். ஊசி விலகினாலோ துடித்தாலோ காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் சிறிய மின்கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பட்டனை அழுத்தி, வாட்சை அதன்மேல் வைத்து, பட்டனை விடாமலே கையை ஒரு முழ தூரம் மெதுவாக எடுத்துச் சென்றபின்தான் பட்டனை விட வேண்டும். வாட்ச் மேலே இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறும். நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

திசைகாட்டி அசையவில்லை, ஆனால் வேகம் அப்படியே இருக்கிறது என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது சுருள் சிக்கியிருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருளை விரலாலும் ஊசியாலும் தொடக் கூடாது. கைதேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மெதுவாகப் பின்தங்குகிறது

எண்ணெய் காய்வதன் முதல் அடையாளம். வாட்ச் ஒலியைக் கேட்டு அளக்கும் செல்போன் செயலிகள் உண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, முழுச் சாவியோடு ஃபோனின் மைக்கில் வாட்சை வைத்துப் பாருங்கள். இந்த வாட்சுகள் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5 டிக். பேலன்ஸின் வீச்சு, அதாவது அது ஒரு பக்கம் ஆடும் அளவு, டயல் மேலிருக்கும் நிலையில் 250 பாகைக்கு மேல் வந்தால் நல்ல ஆரோக்கியம். 200-க்குக் கீழே போனால் நேரத்தைத் திருத்திப் பயனில்லை, சர்வீஸ்தான் வேண்டும்.

நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் மட்டும், தினமும் ஒரே அளவில்

இரவில் வைக்கும் நிலையை மாற்றிப் பாருங்கள். டயல் மேலே, குமிழ் மேலே, குமிழ் கீழே என ஒவ்வொன்றிலும் ஓட்டம் சற்று மாறும். முன்னே போகும் வாட்சைப் பின்தங்கும் நிலையில் வைத்தே பாதித் தவறைச் சரிக்கட்டலாம். மிச்சத்தை ரிப்பேர்காரர் வேகம் திருத்தும் லீவரை நகர்த்தித் திருத்துவார். அந்த லீவர் ஹேர் ஸ்பிரிங்குக்கு ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. வீட்டில் நகர்த்தப் போய் ஸ்பிரிங்கை வளைத்துவிட வேண்டாம்.

## கோளாறு 4: குமிழ் கையோடு வந்துவிட்டது

குமிழ் மட்டும் வந்து கம்பி உள்ளே நின்றால் மரை தேய்ந்திருக்கிறது. கம்பியோடு வந்தால் அதைப் பிடிக்கும் லீவர் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. எதுவானாலும் அதை ஒரு சிறு உறையில் போட்டு வையுங்கள், எச்.எம்.டி. எழுத்துள்ள அசல் குமிழுக்கு மாற்று எளிதில் கிடைக்காது. கம்பியைத் திரும்பச் செருகி ஸ்குரூவைத் திருகப் போனால், ஒரு சுற்று கூடுதலாகத் தளர்ந்தாலே லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும். பிறகு டயலைக் கழற்றினால்தான் எடுக்க முடியும். கம்பி இல்லாத ஓட்டை வழியே தூசி புகும், ரிப்பேருக்குக் கொடுக்கும்வரை வாட்சைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

## கோளாறு 5: கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

மற்றக் கோளாறுகள் பெரும்பாலும் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது. கடலோர ஊர்களில் இரும்புப் பாகம் துருப்பிடிக்கச் சில நாள் போதும்.

குமிழை நேரம் மாற்றும் நிலைக்கு இழுத்து விடுங்கள், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் நாலைந்து சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வாட்சைப் போட்டு மூடுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், உமித்தூசி உள்ளே போகும். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காட்டினால் நீர் ஆவியாகி டயலின் மேலேயே படியும், கறை வரும். ஆவி மறைந்தாலும் கதை முடியவில்லை. ஒன்றிரண்டு நாளில் மிஷினைத் திறந்து காட்டிவிடுங்கள்.

உப்பு நீர் அல்லது சாக்கடை நீர் புகுந்திருந்தால் அன்றே கொடுக்க வேண்டும்.

மூடியில் உள்ள ரப்பர் வளையம் இத்தனை ஆண்டில் கல்லாகியிருக்கும். 'வாட்டர் ரெசிஸ்டண்ட்' என்று பொறித்திருந்தாலும் அதை நம்பிக் கைகழுவக் கூடாது. வியர்வையும் நீர்தான். கோடையில் கட்டினால் கழற்றியதும் பின்பக்கத்தைத் துடையுங்கள்.

## கோளாறு 6: கண்ணாடி கீறல், மங்கல்

அக்காலத்து வாட்ச் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் போல மொத்தமாக ஒலிக்கும். மேலோட்டமான கீறலை நீங்களே போக்கலாம். கேஸ் ஓரத்தில் காகித டேப் ஒட்டி மறைத்துவிட்டு, அக்ரிலிக் பாலிஷ் பசையோ பித்தளைப் பாலிஷோ பட்டாணி அளவில் பருத்தித் துணியில் எடுத்து, வட்டமாக இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துத் துடையுங்கள். நகம் சிக்கும் அளவு ஆழமான கீறல் போகாது. விரிசல் என்றால் மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். ஸ்பிரிட், பெட்ரோல், நெயில் பாலிஷ் நீக்கி மூன்றும் அக்ரிலிக்கில் பட்டால் உள்ளே வலைபோல வெடிப்பு ஓடும்.

## கோளாறு 7: டயலில் கறை, நிறம் மங்கல்

எதுவும் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். டயலின் எழுத்து மிக மெல்லிய அச்சு, ஈரப் பஞ்சு பட்டாலே கரைந்து வரும். 'புதுசு போல ஆக்கித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் டயலைப் புதிதாகப் பூசுவதைத்தான் சொல்கிறார்கள். பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்தபின் அப்பா பார்த்த டயல் திரும்ப வராது.

ஏற்கெனவே பூசியதா என்று பார்க்க பூதக்கண்ணாடி போதும். அசல் டயலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்ப்படும். மறுபூச்சில் எழுத்து பருத்துக் கசிந்திருக்கும், கோடு குறியைத் தாண்டி வழுக்கியிருக்கும், '17 ஜுவல்ஸ்' வரி சற்றே சாய்ந்து நிற்கும். பைலட்டில் ஆரஞ்சு, ஊதா போன்ற பளிச் நிறங்கள் பெரும்பாலும் சந்தையில் பூசியவை. தேவநாகரியில் எழுதிய ஜனதா டயல் மட்டும் அசலாகவே வந்தது, அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தால்

1960-களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச் என்றால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிரியக்கம் இருக்கும், அரை ஆயுள் 1,600 ஆண்டு. மூடிய வாட்சை எடுத்துப் பார்ப்பதில் பயமில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், வர்ணத்தைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த தூளை ஊதாதீர்கள். குழந்தைகளிடம் தர வேண்டாம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயலின் அடியில் 'T' என்ற ஆங்கில எழுத்து தனியே இருந்தால் அது ட்ரிட்டியம், ரேடியம் அளவு ஆபத்தில்லை.

## கோளாறு 8: கேஸில் பச்சை, பூச்சு உரிதல்

கேஸையும் ஸ்ட்ராப்பையும் இணைக்கும் கொம்புகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். வியர்வை அங்கேதான் தங்கும், குரோம் முதலில் அங்கேதான் கொப்புளித்து அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். பச்சைப் பொடி அதிலிருந்து வருவதுதான். ஸ்ட்ராப்பைக் கழற்றி, மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, பிழிந்த ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். மெஷின் பாலிஷ் கூடாது. குரோமும் தங்கப் பூச்சும் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், ஒரே முறையில் போய்விடும்.

ஸ்ட்ராப்பைக் கொம்புகளில் பிடிக்கும் ஸ்பிரிங் பார் பழையது என்றால் இரண்டையும் மாற்றுங்கள், சில்லறைச் செலவு. கொம்புகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்து ஸ்ட்ராப் வாங்குங்கள். பல எச்.எம்.டி.களில் 18 மில்லிமீட்டர், ஆனாலும் அளக்காமல் வாங்க வேண்டாம். வாட்சின் அடியில் ஒரே துண்டாக ஓடும் துணி ஸ்ட்ராப் நல்ல தேர்வு. ஒரு பார் நழுவினாலும் வாட்ச் கீழே விழாது.

## கோளாறு 9: ஆட்டோமேட்டிக், தேதி, கிழமை

காஞ்சன் போன்ற ஆட்டோமேட்டிக்கில் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியைக் கையால் மாற்றக் கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரத்தில் பல் மாட்டியிருக்கும், வலிந்து மாற்றினால் ஒடியும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்து, பிறகு தேதியை மாற்றுங்கள். தேதி பகல் 12-க்கு மாறுகிறது என்றால் பழுதில்லை, முள்ளை இன்னும் 12 மணி நேரம் முன்னே சுற்றினால் போதும். உள்ளே 'கரகர' என உரசும் சத்தம் கேட்டால் சுழலும் தகட்டின் அச்சு தேய்ந்திருக்கிறது. கட்டாதீர்கள், அது பின் மூடியையும் மிஷினையும் அறுக்கும்.

## கோளாறு 10: செல் வாட்ச் நின்றுவிட்டது

டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் ஒசூர் குவார்ட்ஸ் வாட்சுகளும் இப்போது பரம்பரைச் சொத்தாகிவிட்டன. நொடி முள் சில நொடிக்கு ஒருமுறை தாவித் தாவி ஓடினால் பல மாடல்களில் அது செல் தீர்வதன் அறிவிப்பு, பழுதல்ல. பழைய செல்லின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல் போடச் சொல்லுங்கள். செல் கசிந்து பச்சை படிந்திருந்தால் மிஷினையே மாற்ற நேரிடலாம். பீரோவில் வைக்கும் வாட்சில் செல்லை எடுத்துவிட்டு வையுங்கள்.

## ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

பின் மூடியைத் திறக்கக் கத்தி எடுக்காதீர்கள். திறந்துவிட்டாலும், அழுத்தி மூடும்போது எதிர்ப்பக்கக் கண்ணாடி வெடிக்கும். திறப்பதிலிருந்து எல்லாம் கடையிலேயே நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று மிஷினைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிஷின் மாறிப்போனால் அந்தப் படம்தான் சாட்சி.

மிஷினை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுத் தருவார்களா, அல்லது பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். முக்கி எடுத்த வாட்ச் ஒரு வாரம் அழகாக ஓடும், பிறகு எண்ணெயே இல்லாமல் அச்சு தேயும். டயலையும் கேஸையும் தொட வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம், கழற்றிய பழைய பாகம் எல்லாம் வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழு சர்வீஸ் செலவு அந்த ஜனதாவின் சந்தை விலையைத் தாண்டலாம். அப்பா கட்டிய வாட்ச் என்றால் அந்தச் செலவு தகும். தினமும் கட்டுவதாக இருந்தால் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ், கட்டாமல் வைப்பதாக இருந்தால் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து, பொட்டலத்தை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.